விலை யார் கொடுப்பது?

பிற்போக்காளர் என்கிறார்கள் நம்மை! பழமைப் பித்தர் என்கிறார்கள். பணக்காரர் பக்கம் நிற்போர் என்கிறார்கள். நாடு வல்லரசாகி, உலக அரங்கிலே வீறுநடை போடப் புறப்படும் வேளையிலே, வாயிற்படியை மறித்து நின்றுகொண்டு வரவு செலவு கேட்கும் வறட்டுக் கணக்குப்பிள்ளைகள் என்கிறார்கள்.

சொல்லட்டும், தோழர்களே! ஏச்சுக்கு ஏச்சு விடையாகாது. மற்றப் பட்டங்களை அவர்களிடமே திருப்பித் தந்துவிட்டு, கணக்குப்பிள்ளை என்ற அந்த ஒரு பட்டத்தை மட்டும் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்வோம். கணக்குக் கேட்பவன் இல்லாத வீடு கடனில் மூழ்கும். கணக்குக் கேட்பவன் இல்லாத நாடு கண்ணீரில் மூழ்கும்.

அயல்நாட்டிலே படை நடத்துவது ஒரு பிரச்சினை. வரி விதிப்பது வேறொரு பிரச்சினை. தனிமனிதன் தன் பொறுப்பைத் தானே சுமப்பது மூன்றாவது பிரச்சினை. இப்படித்தான் பலரும் பிரித்துப் பேசுகிறார்கள். மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்ப்பவனே பழமைபேணும் கொள்கைக்காரன். மூன்றிலும் அவன் கேட்பது ஒரே கேள்வி: முடிவு செய்தவன் யார்? விலை கொடுப்பவன் யார்? முடிவு ஒருவனுடையது, விலை இன்னொருவனுடையது என்றால், அந்த ஆட்சிக்கு எந்த வண்ணக் கொடி பறந்தாலும் அது நீதியாகாது.

இந்தக் கேள்விக்கு விடை தேட டில்லி வரை போக வேண்டியதில்லை. திருவள்ளூர் மாவட்டம் போதும். பழவேற்காட்டுக் கடற்கரை, ஆவடித் தொழிற்சாலை, கும்மிடிப்பூண்டிப் பட்டறைகள், அந்தப் பட்டறைகளுக்கு அருகிலேயே இருக்கும் இலங்கைத் தமிழர் முகாம் ஆகிய நான்கு இடங்களும் நான்கு சாட்சிகள். ஒவ்வொன்றாகக் கூண்டிலேற்றுவோம்.

முதற் சாட்சி, பழவேற்காடு. 17-ஆம் நூற்றாண்டிலே அங்கே டச்சுக் கம்பெனியார் கோட்டை கட்டினர். கெல்டிரியாக் கோட்டை என்பது அதன் பெயர். வெடிமருந்தும் அங்கேதான் செய்தனர். நம் கடற்கரையில் செய்த மருந்து, கீழைத்தீவுகளிலே அவர்கள் நடத்திய சண்டைகளுக்காகக் கப்பலேறிற்று. எங்கோ நடந்த சண்டை. எவருக்கோ கிடைத்த இலாபம். இங்கே கை கருகியவனுக்கு அதிலே பங்கு யாது?

அடுத்து வந்தது அதைவிடப் பெரிய கூத்து. ஆர்க்காட்டு நவாபு முகமது அலி, ஆங்கிலக் கம்பெனியின் படைத் துணையோடு பட்டத்தைக் காத்துக்கொண்டார். படை வந்தது, பட்டம் நிலைத்தது, பின்னாலேயே பற்றுச்சீட்டும் வந்தது! 1763-ஆம் ஆண்டிலே, செய்த உதவிக்கு ஈடாகச் செங்கற்பட்டுச் சீமையின் வருவாயைக் கம்பெனிக்குச் சாகீராக எழுதிக் கொடுத்தார் நவாபு. பொன்னேரிப் பகுதியின் ஊர்களும் அதற்குள் அடக்கம். ஏரிப் பாசனத்தை நம்பி ஏர் பிடித்தவனுக்குத் தெரியுமா, தன் களத்துநெல் எந்தப் போருக்கு விலையாகப் போயிற்று என்று?

நாடகமாக எழுதினால் அந்தக் காட்சி இப்படித்தான் இருக்கும்:

அரசன்: அமைச்சரே, போர் முடிந்ததா?

அமைச்சன்: முடிந்தது மன்னா, வெற்றி நமதே!

அரசன்: செலவு?

அமைச்சன்: ஊரார் தருவர்.

அரசன்: அவர்கள் இசைந்தனரா?

அமைச்சன்: போர் ஒன்று நடந்ததே, தண்டல்காரன் வாசலுக்கு வந்த பிறகுதான் அவர்களுக்குத் தெரியும், மன்னா!

சிரிக்கிறீர்கள். நவாபு போய்விட்டார், கம்பெனியும் போய்விட்டது, இந்த உரையாடல் போய்விட்டதா என்பதுதான் கேள்வி.

இரண்டாம் சாட்சி, ஆவடி. ஆவடிக்கு இரண்டு முகங்கள் உண்டு. 1955-ஆம் ஆண்டு சனவரித் திங்களில், தேபர் தலைமையிலே, காங்கிரசு மாநாடு அங்கேதான் கூடிற்று. சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் நிறைவேற்றிற்று. அது ஒரு முகம். சில ஆண்டுகள் கழித்து அதே ஆவடியிலே கனரக வாகனத் தொழிற்சாலை எழுந்தது. 1965-இல் விசயந்தா டாங்கி அங்கிருந்து உருண்டு வந்தது. அது மற்றொரு முகம்.

பழமைபேணுவோர் படையே வேண்டாம் என்பவர்கள் அல்லர். இதை நம் எதிரிகள் திரித்துக் கூறுவதால் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. எல்லையைக் காப்பது அரசின் முதற் கடமை. அந்தக் கடமைக்காக ஆவடியிலே டாங்கி செய்தால், அதற்கு ஆகும் செலவை முகஞ்சுளிக்காமல் தருவோம். நாம் மறுப்பது ஆவடியின் அந்த முதல் முகத்தை. எது வேண்டும், எவ்வளவு வேண்டும், எவன் செய்ய வேண்டும் என்று எல்லாவற்றையும் சர்க்காரே முடிவு செய்யும். விலையை மட்டும் மக்கள் தருவர் என்ற ஏற்பாட்டை மறுக்கிறோம். இந்த ஏற்பாட்டுக்குத்தான் இராசாசி, பெர்மிட்-லைசென்சு-கோட்டா ராச்சியம் என்று பெயர் வைத்தார். 1959-ஆம் ஆண்டு சூன் திங்களில் சென்னையிலே சுதந்திராக் கட்சியைத் தோற்றுவித்தார்.

அவர் பழமைவாதி, ஐயமில்லை. போர்வெறியரா? 1962-ஆம் ஆண்டு செப்டம்பரில், 83 வயதிலே, அமெரிக்காவுக்குப் போனார். எதற்கு? துப்பாக்கி வாங்கவா? அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துங்கள் என்று குடியரசுத் தலைவர் கென்னடியிடம் முறையிட! பழமைவாதம் என்றால் பீரங்கி முழக்கம் என்று எண்ணுவோர் இதைக் குறித்துக்கொள்ளட்டும். பேணிக் காப்பவன், அழிப்பதற்கு அஞ்சுவான். நெடுங்காலம் கட்டியதை ஒரு நொடியில் தகர்க்கும் கருவி எதையும் அவன் ஐயத்தோடுதான் பார்ப்பான்.

அவர் சென்று வந்த அடுத்த திங்களிலேயே, அக்டோபர் 20-ஆம் நாள், இமய எல்லையிலே சீனம் பாய்ந்தது. போதிய ஆயத்தமின்றி மலை உச்சிகளிலே நிறுத்தப்பட்ட நம் வீரர்கள் மடிந்தனர். பாதுகாப்பு அமைச்சர் கிருட்டிண மேனன் பதவி விலகினார். அரசு தன் முதற் கடமையிலே வழுக்கி விழுந்த அந்த வேளையில், மக்கள் என்ன செய்தார்கள்? கேட்காமலே தந்தார்கள், கழுத்து நகையைக் கழற்றித் தந்தார்கள். தானே முன்வந்து தந்த அந்தக் கைக்கு அரசு அளித்த கைம்மாறு என்ன தெரியுமா?

1963 சனவரியிலே தங்கக் கட்டுப்பாடு! 14 காரட்டுக்கு மேல் தூய்மையுள்ள நகை செய்யக்கூடாது என்று ஆணை. அவ்வாண்டு நிதிநிலை அறிக்கையிலே மிகை இலாப வரி. கட்டாய வைப்புத் திட்டம். கட்டாய வைப்பும் மிகை இலாப வரியும் நெடுநாள் நிற்கவில்லை. தங்கக் கட்டுப்பாடு நின்றது! 1968-இல் தனிச் சட்டமாகவே வடிவெடுத்தது. 1990-ஆம் ஆண்டுவரை உயிரோடு இருந்தது. சீனப் போர் ஒரு திங்கள் நடந்தது. அதன் பெயரால் வந்த கட்டுப்பாடு 27 ஆண்டுகள் நடந்தது. ஊதுகுழலும் உலைமூக்குமாய் உட்கார்ந்திருந்த பொற்கொல்லன் எந்த எல்லையைக் கோட்டைவிட்டான்? எந்தப் படையைப் பனியிலே நிறுத்தினான்? தவறியது டில்லி, தண்டம் செலுத்தியது தட்டார் தெரு.

வேறு வழியே கிடையாதா? உண்டு. 1971-ஐப் பாருங்கள். கிழக்கு வங்காளத்திலிருந்து ஒரு கோடி அளவில் அகதிகள் வந்து குவிந்தனர். அவர்களைப் புரக்க அஞ்சலிலே அகதிகள் நிவாரண வரி வைத்தார்கள். ஒரு கடிதத்துக்கு 5 காசு. அந்தத் தலையை ஒட்டிய ஒவ்வொருவனுக்கும், தான் தருவது எவ்வளவு, எதற்கு என்று தெரியும். 1971 நவம்பர் 15-இல் தொடங்கியது. 1973 மார்ச்சு 31-உடன் முடிந்தது. அந்தப் போருக்கும் நோக்கம் இருந்தது, முடிவு இருந்தது. டிசம்பர் 3-இல் பாகிசுத்தான் நம் விமானத் தளங்களைத் தாக்கியது. டிசம்பர் 16-இல் டாக்காவிலே அதன் படை சரணடைந்தது. அடுத்த மார்ச்சுக்குள் நம் படை வீடு திரும்பியது. காரணம் சொல்லி, அளவு சொல்லி, நாள் குறித்துப் போகிற அரசுக்குப் பின்னால் பழமைபேணுவோர் முதல் வரிசையிலே நிற்பர்.

இனி 1987-ஐப் பாருங்கள். இங்கேதான் தமிழ்நாட்டின் நெஞ்சிலே முள் தைக்கிறது. முதலில் ஈழத்து இளைஞர் குழுக்களுக்குப் பயிற்சியும் ஆயுதமும் தந்தது டில்லி. பிறகு 1987 சூலை 29-இல் கொழும்பிலே இராசீவ் காந்தியும் செயவர்த்தனாவும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அமைதிப்படை என்ற பெயரிலே நம் படை கடல் கடந்தது. அக்டோபரில், எவருக்குத் துப்பாக்கி தந்தோமோ அவரோடே சண்டை! ஒரு கை தந்ததைப் பறிக்க மறு கை போயிற்று. 1990 மார்ச்சில் கடைசி வீரன் கப்பலேறும்போது, நம் பக்கத்திலே உயிரிழந்தோர் ஏறத்தாழ 1,200 பேர். யாழ்ப்பாணத்திலே மாண்ட தமிழ் மக்களுக்கோ, இன்றுவரை ஒரு முழுக் கணக்குப் புத்தகமே கிடையாது.

நோக்கம் என்ன? நாளுக்கு ஒன்றாக மாறிற்று. முடிவு எப்போது? கொழும்பிலே ஆட்சி மாறி, பிரேமதாசா வெளியேறுங்கள் என்று சொன்னபோது! நாடாளுமன்றத்தின் இசைவைப் பெற்றுக்கொண்டா அந்த ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று? இல்லை. எத்தனை ஆண்டு, எத்தனை கோடி, எத்தனை உயிர் என்று எவரேனும் முன்கூட்டிச் சொன்னார்களா? இல்லை. நவாபு நாடகத்தின் அமைச்சன் வேறு உடை அணிந்து மேடைக்கு வந்தான், அவ்வளவே!

இங்கே ஒரு தோழர் குறுக்கிடுவார், குறுக்கிடவும் வேண்டும். "அப்படியானால், அக்கரையிலே தமிழன் வெட்டுப்படும்போது, கணக்குப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு கைகட்டி நிற்கச் சொல்கிறீரா?"

இல்லை, தோழரே. 1983 சூலையிலே கொழும்பு எரிந்தபோது துடிக்காதவன் தமிழனல்லன். தஞ்சம் கொடு என்போம்; உணவும் மருந்தும் அனுப்பு என்போம்; உலக மன்றங்களிலே நீதி கேள் என்போம்; கொல்பவன் கைக்குக் கருவி போகாமல் தடு என்போம். இவற்றுக்கெல்லாம் செலவு உண்டு. அந்தச் செலவை ஏற்போம். நாம் எதிர்ப்பது, அரை மனத்தோடு ஆயுதம் தருவதையும், அரை அறிவோடு படை அனுப்புவதையும். இரக்கம் பெரியது, ஆனால் கணக்கில்லாத இரக்கம், யார்மேல் இரங்கியதோ அவரையே கொன்றதை நாம் கண்டோம். இதற்குமேல் என்ன சான்று வேண்டும்?

அந்தப் பாடம் ஒருமுறை பயன்பட்டதையும் சொல்லத்தான் வேண்டும். 2003-ஆம் ஆண்டு, ஈராக்குக்கு இந்தியப் படை வேண்டும் என்று அமெரிக்கா கேட்டது. பெரிய நாடு, பெரிய நட்பு, பெரிய ஆசைவார்த்தை. சூலை 14-ஆம் நாள், வாசுபாயி அரசு கூடி, அனுப்புவதில்லை என்று முடிவு செய்தது. அன்று அனுப்பியிருந்தால் எந்தப் பாலைவனத்துத் தெருவிலே எத்தனை தமிழ்நாட்டு வீடுகளின் விளக்கு அணைந்திருக்கும்? மறுக்கத் தெரிந்ததும் ஆண்மையே.

அமெரிக்காவையும் பாருங்கள். 1968-இல் வியட்நாம் போர் நடந்தபோது, வருமான வரிமேல் 10 விழுக்காடு கூடுதல் வரி போட்டார்கள். வீட்டுக்கு வீடு போரின் விலை தெரிந்தது. 2003-இலோ, ஈராக்கினுள் படை நுழைந்த அதே ஆண்டிலே வரியைக் குறைத்தார்கள்! குண்டு விழுகிறது, வரி குறைகிறது. மாயமா? மாயமல்ல, கடன். வாக்குச்சீட்டு இல்லாத பேரப்பிள்ளையின் தலையிலே பாட்டன் எழுதிய கடன். விலையை மறைத்தால் போர் நீளும். விலையைச் சொன்னால், போர் வேண்டுமா என்று மக்கள் கேட்பர். வரியைப் பழமைபேணுவோன் வெறுப்பதில்லை. வரியிலே உண்மை வேண்டும் என்கிறான்.

மூன்றாம் சாட்சி, கும்மிடிப்பூண்டிப் பட்டறை. அதைக் கேட்குமுன், ஆவடித் தீர்மானம் வரியிலே என்ன பயிர் விளைத்தது என்று பார்த்துவிடுவோம். 1973-74-இல் வருமான வரியின் உச்சப்படி, கூடுதல் வரியும் சேர்த்து, 97.75 விழுக்காடு. அந்தப் படியிலே நூறு ரூபாய் ஈட்டியவனுக்கு மிஞ்சியது இரண்டே கால் ரூபாய்! ஏழைக்கு வாழ்வு வந்ததா? வரவில்லை, கறுப்புப் பணம் வந்தது. வாஞ்சூ குழு 1971-லேயே இதைச் சொல்லிவிட்டது: உயர்ந்த விகிதமே ஏய்ப்புக்கு வழி; உச்சத்தை 75-க்குக் குறை என்றது. 1974-75-இல்தான் 77-க்கு இறங்கினார்கள். நேர்மையாளனை முட்டாளாக்கும் வரி, நாட்டை நாணயமற்றதாக்கும்.

இப்போது சிப்காட் வளாகத்துக்கு வாருங்கள். இரும்பை உருக்கும் உலைகள், கம்பி இழுக்கும் உருட்டாலைகள், அவற்றை அண்டி வாழும் சிறு லேத் பட்டறைகள். 2017 சூலை 1 முதல் சரக்கு-சேவை வரி. 2025 செப்டம்பர் 22-இல் விகிதங்களைச் சுருக்கி, பெரும்பாலானவற்றை 5, 18 என்ற இரண்டு படிகளில் நிறுத்தினார்கள், நல்லது, பாராட்டுவோம். ஆனால் விகிதம் மட்டுமா வரி? பட்டறைக்காரன் உருளையைக் கடைந்து கொடுத்துப் பில் போடுகிறான். பில் போட்டதுமே வரிக்கடன் பிறந்துவிடுகிறது. பெரிய ஆலை பணம் தர மூன்று மாதமாகலாம்; சர்க்கார் காத்திராது. கைக்கு வராத பணத்துக்குக் கையிலிருந்து வரி!

இன்னொன்று கேளுங்கள், இதுதான் நம் கேள்வியின் நடுநெஞ்சு. பட்டறைக்காரன் இரும்பு வாங்குகிறான். விலையோடு வரியும் சேர்த்து விற்றவனிடம் தந்துவிடுகிறான். விற்றவன் அந்த வரியைச் சர்க்காரிடம் கட்டவில்லை, கணக்கும் காட்டவில்லை. யாருக்குத் தண்டனை? வாங்கியவனுக்கு வரிக்கழிவு மறுக்கப்படுகிறது! ஏய்த்தவன் ஒருவன், ஏமாந்தவன் மீண்டும் கட்டுகிறான். ஏய்த்தவனைத் தேடிப் பிடிக்கும் பொறுப்பு அரசினுடையது. அதை உழைப்பவன் தலையிலே தள்ளிவிட்டு, வரி நிர்வாகம் திறம்பட நடக்கிறது என்று முரசறைகிறார்கள். புறநானூற்றிலே பிசிராந்தையார் பாண்டியனுக்குச் சொன்ன யானை உவமையை, 2019 சூலை 5-இல் நிதிநிலை உரையிலே எடுத்துக் காட்டினார் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன். வயலுக்குள் புகுந்த யானை தின்பதைவிட மிதிப்பது மிகுதி என்பது அதன் கருத்து. பாட்டு டில்லிக்குப் போய்விட்டது. யானை இன்னும் பட்டறைக்குள்ளேதான் நிற்கிறது!

இனித் தனிமனிதப் பொறுப்பு. இந்தச் சொல்லைக் கேட்டதும் சிலர் முகம் மாறும். ஏழையைப் பார்த்து, உன் வறுமைக்கு நீயே காரணம் என்று சொல்லும் கல்நெஞ்சர் கொள்கை இது என்பர். அன்று! பொறுப்பு என்பது மேலிருந்து தொடங்க வேண்டும். அதுதான் நாம் சொல்வது. ஆலைக்கழிவை ஓடையிலே விட்டுவிட்டு, இலாபத்தைப் பெட்டியிலே பூட்டுகிற முதலாளி தனியார் துறையின் தூணல்லன். தன் செலவை அண்டை வீட்டான் கிணற்றிலே கொட்டுகிற திருடன். நவாபு செய்ததையே அவனும் செய்கிறான். அவனுக்காக நம் மேடையிலே ஒரு வார்த்தையும் பேசப்படாது.

அரசே தன் பொறுப்பை விற்றுப் பிழைப்பதற்கு மதுக்கடையைவிடச் சான்று வேண்டுமா? 1937-இல் சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த இராசாசி, சேலம் மாவட்டத்திலே மதுவிலக்கைத் தொடங்கினார். கள்ளுக்கடை வருவாய் குறைந்தது. குறையை எப்படி நிரப்பினார்? 1939-இல் விற்பனை வரி கொண்டுவந்தார். ஆம், பழமைவாதிதான் வரி போட்டார்! எதிர்ப்பு எழுந்தது, வணிகர் முனிந்தனர். ஆனால் அந்த வரி முகமூடி அணியவில்லை. குடியைக் கெடுக்கும் காசு வேண்டாம். அதற்கு ஈடாக எல்லோரும் ஒரு பங்கு தாருங்கள் என்று பகலிலே கேட்டது.

இன்று? 2003-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து மதுச் சில்லறை விற்பனையை டாஸ்மாக் வழியே அரசே நடத்துகிறது. மதுவினால் கருவூலத்துக்கு வந்த வரி 2023-24-இல் மட்டும் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். ஆட்சிகள் மாறின, கல்லாப்பெட்டி மாறவில்லை. குடி கேடு என்று புட்டியிலே எச்சரித்துவிட்டு, அதே புட்டியை விற்ற காசிலே சம்பளம் போடுகிறது சர்க்கார். கும்மிடிப்பூண்டியிலே இரவு முறை முடித்து வரும் தொழிலாளி குடிப்பது அவன் பிழை. அதை நாம் மறைக்கவில்லை. அவன் மனைவி முன்னாலும் மக்கள் முன்னாலும் அவனே விடை சொல்ல வேண்டும். ஆனால் அவன் தவறினால்தான் தன் பெட்டி நிறையும் என்று ஒரு சர்க்கார் ஏற்பாடு செய்துகொண்டால், பொறுப்பைப் பற்றி அவனுக்குப் போதிக்க அதற்கு வாயேது?

நான்காம் சாட்சியை வேண்டுமென்றே கடைசியில் வைத்தேன். கும்மிடிப்பூண்டியின் இலங்கைத் தமிழர் முகாம். தமிழ்நாட்டில் உள்ள பெரிய முகாம்களுள் ஒன்று. 2021 கணக்குப்படி, மாநிலமெங்கும் நூற்றுக்கு மேற்பட்ட முகாம்களிலே 58,000-க்கும் அதிகமானோர் வாழ்ந்தனர். உதவித்தொகையை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கூட்டமென்று எவரும் எண்ண வேண்டாம். வண்ணம் பூசப் போகிறார்கள். கட்டட வேலைக்குப் போகிறார்கள். பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்புகிறார்கள். தன் காலில் நிற்கும் மனிதனைத்தானே பழமைபேணுவோர் போற்றுகிறோம்? இதோ நிற்கிறான்! ஆனால் அவன் காலுக்குக் கீழே நிலம் இல்லை.

1987 சூலை 1 முதல், இந்த மண்ணிலே பிறந்தால் மட்டும் குடியுரிமை இல்லை. பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமக்களாக இருக்க வேண்டும் என்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2003-இல் செய்த திருத்தம் அதை மேலும் இறுக்கிற்று. அதே 1987 சூலையின் 29-ஆம் நாள்தான் கொழும்பு ஒப்பந்தம்! ஒரே திங்களிலே, ஒரு கை கடல் கடந்து போய் அக்கரை மக்களின் தலைவிதியை எழுதப் புறப்பட்டது. மற்றொரு கை இக்கரையிலே அவர்கள் பிள்ளைகளுக்குப் பிறப்பால் கிடைக்கும் உரிமையின் கதவைச் சாத்திற்று. 2019-ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று அண்டை நாடுகளிலிருந்து வந்தோர்க்கு வழி திறந்தது. அந்த மூன்றிலே இலங்கை இல்லை. 2025 செப்டம்பரில் ஒரு சலுகை ஆணை வந்தது: 2015 சனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்மேல், கடவுச்சீட்டு, விசா இல்லை என்பதற்காகத் தண்டனை இல்லையாம். சிறைக்கு அனுப்பமாட்டோம் என்பது நல்ல சேதி. வீட்டுக்குள் வா என்பது ஆகுமா?

இந்த முகாமிலே பிறந்த இளைஞனுக்கு வயது முப்பது ஆகலாம். கடையிலே சோப்பு வாங்கினால் வரி கட்டுகிறான். வண்ணத் தூரிகை வாங்கினால் வரி கட்டுகிறான். வாக்கு உண்டா? இல்லை. சர்க்கார் வேலை உண்டா? இல்லை. தன் பெயரிலே இந்தியக் கடவுச்சீட்டு உண்டா? இல்லை. எந்தப் போரை அவன் தொடங்கினான்? எந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டான்? விலை மட்டும் அவனுடையது! பழவேற்காட்டு வெடிமருந்துக் கூலியும், சாகீர் ஊர்களின் உழவனும், தட்டார் தெருப் பொற்கொல்லனும் எந்த வரிசையில் நின்றார்களோ, அதே வரிசையின் கடைசியிலே இவன் நிற்கிறான். பொறுப்பைச் சுமக்கிறவனுக்கு உரிமையைத் தராமல், பொறுப்பைப் பற்றிப் பேசுவது மோசடி. இதைச் சொல்லத் துணியாத பழமைவாதம், பழமைவாதமே அன்று, வெறும் சுயநலம்.

ஆகவே, தோழர்களே, தெருமுனைக் கூட்டங்களிலே நாம் கேட்க வேண்டியவை மூன்று.

ஒன்று: இந்திய எல்லைக்கு வெளியே படை போவதானால், நோக்கத்தையும் செலவையும் முடியும் நாளையும் முன்வைத்து நாடாளுமன்றத்தின் இசைவைப் பெற வேண்டும். எல்லை மீறி வந்த பகைவனை அடிக்க எவர் இசைவுக்கும் காத்திருக்க வேண்டாம். பிறர் மண்ணிலே கால் வைக்குமுன் கேட்டே ஆக வேண்டும்.

இரண்டு: வரி ஒவ்வொன்றும் தன் காரணத்தை நெற்றியிலே எழுதிக்கொண்டு வரட்டும். காரணம் தீர்ந்ததும் 5 காசுத் தலையைப் போல விடைபெறட்டும். பணம் கைக்கு வருமுன் வரி கேட்பதும், ஒருவன் ஏய்த்ததற்கு மற்றொருவனைத் தண்டிப்பதும் ஒழியட்டும்.

மூன்று: இந்த மண்ணிலே பிறந்து, இந்த மண்ணிலே உழைத்து, இந்த மண்ணுக்கு வரி தரும் முகாம் பிள்ளைகளுக்குக் குடியுரிமை வேண்டும். இது பிச்சையல்ல, நாம் அவர்களுக்குத் தர வேண்டிய பழைய கடன்.

இவற்றைக் கேட்டால் நாட்டுப்பற்றில்லாதவன் என்பான் ஒருவன். ஏழைக்குப் பகைவன் என்பான் இன்னொருவன். அவர்களோடு உரக்கக் கத்த வேண்டாம். அமைதியாக ஒரே ஒரு கேள்வியை அவர்கள் முன் வையுங்கள்: "ஐயா, நீங்கள் சொல்லும் அந்தப் பெருமைக்கு விலை என்ன? அதை உங்கள் வீட்டிலிருந்து தருவீர்களா, என் வீட்டிலிருந்தா?"

விடை வருகிறவரை அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.